வெளிச்சம் பட்டால் பச்சையாகும் கல்... ஏரிச் சேறு முதல் செவ்வாய் வரை விவியனைட்!

ஏரியின் ஆழத்திலிருந்து கருஞ்சேற்றை அள்ளிக் கரையில் கொட்டுகிறார்கள். சேற்றுக்கு நடுவே நொய்யரிசி அளவில் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. சற்று நேரம் காற்றும் வெயிலும் பட்டதும் அந்த வெள்ளை மெல்ல மாறத் தொடங்குகிறது. முதலில் இளம்பச்சை, பிறகு பச்சை கலந்த நீலம், கடைசியில் பேனா மை கொட்டியது போன்ற அடர் நீலம். யாரும் சாயம் ஊற்றவில்லை. அந்தக் கனிமத்தின் குணமே அதுதான்.

அதன் பெயர் விவியனைட். தங்கம், வைரம் போல விலைபோகும் பொருள் அல்ல. ஆனால் 5,300 ஆண்டுகளுக்கு முன் பனியில் உறைந்துபோன ஒரு மனிதனின் தோலிலும், டச்சு ஓவியர் வெர்மியரின் ஓவியத்திலும், ஐரோப்பிய நகரங்களின் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இது இருக்கிறது. இப்போது செவ்வாய் கிரகத்தின் ஒரு பாறையிலும் இது இருப்பதாகத் தெரிவதால்தான் விஞ்ஞானிகள் இத்தனை பரபரப்பாக இருக்கிறார்கள்.

நகத்தால் கீறலாம்!

விவியனைட்டில் இருப்பவை மூன்றே மூன்று: இரும்பு, பாஸ்பேட், தண்ணீர். எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு. கால் பங்குக்கும் அதிகமாகத் தண்ணீர். கல்லுக்குள் தண்ணீரா என்று கேட்கலாம். படிகத்தின் கட்டமைப்பிலேயே தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன, பிழிந்தால் வராது.

இவ்வளவு தண்ணீர் இருப்பதாலோ என்னவோ, இந்தக் கல் படு சாது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் முகப் பவுடருக்குப் பயன்படும் டால்க் 1, வைரம் 10. விவியனைட் 1.5 முதல் 2 வரைதான். நம் விரல் நகம் ஏறத்தாழ 2.5 என்பதால், நகத்தாலேயே இதைக் கீறிவிடலாம். மெல்லிய ஏடுகளாகப் பிரியும். அந்த ஏடுகள் உடனே உடையாமல் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். மோதிரத்தில் பதித்துப் போட ஆசைப்பட்டால், கல் ஒரு வாரம் தாங்குவதே பெரிய விஷயம்.

இதைப் புரிந்துகொள்ள நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் போதும். அங்கே அன்னபேதி என்று ஒரு உப்பு கிடைக்கும். புதிதாக இருக்கும்போது இளம்பச்சை. டப்பாவை மூடாமல் விட்டால் நாள்பட்டுத் துரு நிறத்துக்கு மாறிவிடும். அதிலிருக்கும் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து குணம் மாறுவதுதான் காரணம். பள்ளி வேதியியல் பாடத்தில் ஃபெரஸ், ஃபெரிக் என்று படித்திருப்போமே, அதே கதைதான். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு ஃபெரஸ். இன்னும் ஒன்றை இழந்துவிட்டால் ஃபெரிக்.

மண்ணுக்குள் இருட்டில் இருக்கும் விவியனைட்டில் எல்லாமே ஃபெரஸ் இரும்பு. அதனால் நிறமே இருக்காது, அல்லது மிக வெளிறிய பச்சை இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டதும் சில இரும்பு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் ஆகின்றன. இப்போது படிகத்துக்குள் இரண்டு வகை இரும்பும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் தாவும்போது ஒளியின் சிவப்பு, ஆரஞ்சுப் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் பச்சையும் நீலமும்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. ஃபெரிக் அணுக்கள் கூடக்கூட நிறம் அடர்த்தியாகி, கருநீலத்தில் போய் நிற்கும். மேலும் சிதைந்தால், படிக வடிவத்தையே இழந்து பழுப்பு நிறப் பொருளாகிவிடும். அதற்குத் தனிப் பெயரே உண்டு: சான்டாபார்பராயைட். இத்தாலியின் டஸ்கனி பகுதியிலுள்ள சான்டா பார்பரா நிலக்கரிச் சுரங்கத்தின் பெயரால் வந்தது.

இந்த மாற்றம் ஒருவழிப் பாதை. மறுபடி இருட்டில் வைத்தாலும் பழைய நிறம் திரும்பாது. அதனால் நல்ல படிகம் வைத்திருப்பவர்கள் அதை மூடிய இழுப்பறைக்குள், இருட்டில் வைத்துக் காக்கிறார்கள். அழகைக் காட்ட வெளியே எடுத்தால் அழகு கெடும். காட்டாமல் வைத்திருந்தால் வாங்கியும் பயனில்லை. சேகரிப்பாளர்களுக்கு இது ஒரு தீராத தலைவலி.

யார் அந்த விவியன்?

பெண் பெயர் போல இருந்தாலும், இது ஜான் ஹென்றி விவியன் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபரின் பெயர். செம்பு உருக்காலை நடத்தியவர், பிறகு வேல்ஸின் ஸ்வான்சீ தொகுதி எம்.பி. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கப் பகுதியில் கிடைத்த இந்தக் கனிமத்துக்கு ஜெர்மன் கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர் 1817-ல் இந்தப் பெயரை வைத்தார். அதற்கு முன்பே ‘நீல இரும்பு மண்’ என்று மக்களுக்கு அது அறிமுகம்தான்.

காற்று இல்லாத இடம்தான் வீடு

விவியனைட் உருவாக மூன்று வசதிகள் வேண்டும். இரும்பு இருக்க வேண்டும், பாஸ்பேட் இருக்க வேண்டும், ஆக்சிஜன் இருக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். ஆக்சிஜன் இருந்தால் இரும்பு துருவாகிவிடும். துரு தண்ணீரில் கரையாது.

குளத்தின் அடிச்சேறு, சதுப்பு நிலம், மூழ்கிக் கிடக்கும் களிமண் படிவம் ஆகிய இடங்களில் இலை, தழை, மீன், மிருகம் என்று எல்லாம் அழுகும். அழுக வைக்கும் நுண்ணுயிரிகள் இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனை முதலில் தீர்த்துவிடும். அதன் பிறகு? சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவைப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. விளையாட்டுக்குச் சொல்வதல்ல. 1987-ல் அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஜியோபாக்டர் இந்த வகைதான். உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரானை அது துருவின் மேல் இறக்கி வைக்கிறது. ஃபெரிக் இரும்பு ஃபெரஸாக மாறித் தண்ணீரில் கரைகிறது. அழுகும் உடல்களிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் பாஸ்பேட் வெளியேறுகிறது. இரண்டும் சந்தித்தால் விவியனைட்.

கடலடியிலும் சேறுதானே, அங்கே ஏன் இது அதிகம் இல்லை? கடல் நீரில் சல்ஃபேட் நிறைய உண்டு. அதை உண்ணும் பாக்டீரியாக்கள் சல்ஃபைடை வெளியிடும். இரும்பு பாஸ்பேட்டை விட்டுவிட்டு சல்ஃபைடோடு போய்ச் சேர்ந்துவிடும். அதனால் விவியனைட் பெரும்பாலும் நன்னீர்ச் சேற்றின் சொத்து.

சேற்றில் கிடைப்பவை பொடியாகவோ சிறு உருண்டைகளாகவோ இருக்கும். கண்ணைப் பறிக்கும் படிகங்கள் வேண்டுமென்றால் பொலிவியா போக வேண்டும். யாயாகுவா, ஹுவானுனி வெள்ளீயச் சுரங்கங்களில் கிடைக்கும் கண்ணாடி போன்ற பச்சைப் படிகங்களுக்கு உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. அளவில் முந்துவது ஆப்பிரிக்காவின் கேமரூன். அங்குள்ள அன்லுவா என்ற இடத்தின் களிமண்ணில் ஒரு மீட்டருக்கும் நீளமான படிகங்கள் கிடைத்திருக்கின்றன. கிரிமியாவின் கெர்ச் பகுதி இன்னொரு விநோதம். பழங்காலச் சிப்பிகள் அங்கே இரும்புத் தாதுவுக்குள் புதைந்துகிடக்கின்றன. சிப்பியைத் திறந்தால் சதை இருந்த இடத்தில் கரும்பச்சைப் படிகங்கள் விசிறி போல விரிந்திருக்கும்!

இறந்தவர்களின் மேல் நீலம்

வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ஈரமான, காற்றோட்டமில்லாத இடத்தில் ஓர் உடல் கிடந்து, பக்கத்தில் இரும்பும் இருந்தால் என்ன நடக்கும் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

1991 செப்டம்பரில் ஆஸ்திரியா - இத்தாலி எல்லையில், ஆல்ப்ஸ் மலையில் 3,200 மீட்டர் உயரத்தில் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்ட ‘ஓட்ஸி’ உலகப் புகழ் பெற்ற மம்மி. அம்பு பாய்ந்து இறந்த அந்த மனிதரின் தோலில் அங்கங்கே நீலத் துளிகள் இருந்தன. உடல் கிடந்த பாறையின் இரும்பும் அவருடைய சொந்த பாஸ்பேட்டும் சேர்ந்து உருவான விவியனைட் அது.

ஸ்விட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரியில் 1996-ல் ஓர் உடல் மிதந்தது. கொழுப்பெல்லாம் மெழுகு போலக் கெட்டியாகிவிட்டிருந்தது. மேலே நீலப் படிவு. உடல் இருந்த நிலையைப் பார்த்தால் பழைய காலத்து ஆள் என்று தோன்றாது. கொலையா, விபத்தா, காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறாரா என்ற கேள்விகள் எழுவது இயல்புதானே? கரிமக் காலக்கணிப்பு செய்து பார்த்ததில் அவர் 1700-களில் வாழ்ந்தவர் என்று தெரிந்தது. ஏரிச் சேறு அவரை இருநூறு, முந்நூறு ஆண்டுகள் பொத்தி வைத்திருந்திருக்கிறது.

வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க வீரர்களின் எலும்புகள் மீட்கப்பட்டபோதும் இதே நீலப் படிவு தென்பட்டது. அது விவியனைட்தான் என்று விளக்கும் ஆய்வுக் கட்டுரை 1998-ல் தடயவியல் இதழில் வெளியானது. எலும்பில் நீலத்தைப் பார்த்தால் அந்த உடல் ஈரத்தில், காற்றில்லாமல், இரும்புக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது என்று நிபுணர்கள் ஊகிக்கலாம். ஆனால் எத்தனை ஆண்டுகள் கிடந்தது என்று இந்தக் கல் சொல்லாது. செப்புக் காலத்து ஓட்ஸிக்கும் சில பத்தாண்டுகளுக்கு முன் இறந்த வீரருக்கும் ஒரே நீலம்தான்.

பயமாக இருந்தால் கொஞ்சம் கலைப் பக்கம் போகலாம். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இந்த நீல மண்ணை ‘புகெபோட்டோ’ என்ற பெயரில் சாயமாகப் பயன்படுத்தினார்கள். வெர்மியர் 1656-ல் வரைந்து, இப்போது ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருக்கும் ‘தி ப்ரொக்யூரஸ்’ ஓவியத்தில் கம்பளத்தைத் தீட்டியதிலும் விவியனைட் கண்டறியப்பட்டிருக்கிறது.

சாக்கடைக்குள் உரம்

இனி வருவது வயிற்றுப்பாட்டுக் கதை. டிஏபி உரத்தின் விலை ஏறினால் ஊரே பேசுகிறது. அதிலிருக்கும் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? பூமியைத் தோண்டி எடுக்கும் பாஸ்பேட் பாறையிலிருந்து. உலகில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ள கையிருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோ, மேற்கு சஹாரா பகுதியில் குவிந்திருக்கிறது. இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியைப் பாறையாகவோ, அமிலமாகவோ, உரமாகவோ இறக்குமதிதான் செய்கிறது. நைட்ரஜன் உரத்தைக் காற்றிலிருந்து தயாரித்துக்கொள்ளலாம். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை.

வயலில் போட்ட பாஸ்பரஸ் நெல்லுக்குப் போய், சோறாகி, நம் உடலுக்கு வந்து, கழிவறை வழியாக வெளியேறுகிறது. அப்படியே ஏரியில் கலந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் கொழுத்து, மீன்கள் மூச்சுத்திணறிச் சாகும். அதைத் தடுக்க, பல நாடுகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இரும்பு உப்பைக் கொட்டுகிறார்கள். இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு கசடோடு கீழே தங்கிவிடும். அந்தக் கசடு, காற்றுப் புகாத பெரிய தொட்டிகளில் செரிக்கப்படுகிறது. காற்றில்லாத இருட்டுத் தொட்டி, நிறைய பாக்டீரியா, இரும்பு, பாஸ்பேட்... குளத்துச் சேற்றை அப்படியே தொட்டியில் வைத்தது போல!

நெதர்லாந்தின் லீவார்டன் நகரிலுள்ள வெட்சஸ் நீர் ஆய்வு மையமும் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இதை விரிவாக ஆராய்ந்தன. இரும்பு தாராளமாகச் சேர்க்கப்படும் நிலையங்களில், செரித்த கசடிலுள்ள பாஸ்பரஸில் 70 முதல் 90 சதவீதம் வரை விவியனைட்டாகவே இருப்பது தெரியவந்தது. அதுவரை இந்தக் கல்லைக் குழாயை அடைக்கும் நீலப் படிவாக மட்டுமே பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள் பொறியாளர்கள்.

சரி, சேறு போன்ற கசடிலிருந்து நுண்ணிய படிகங்களை எப்படிப் பிரிப்பது? இங்கே கைகொடுப்பது இரும்பு. விவியனைட் காந்தத்தால் லேசாக ஈர்க்கப்படும். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்துக்கு அது அசையாது. சுரங்கத் தொழிலில் தாதுவைப் பிரிக்கும் வலுவான காந்த இயந்திரத்துக்கு மசியும். ‘விவிமேக்’ என்று பெயரிடப்பட்ட இந்த முறையை நெதர்லாந்தில் சோதித்தபோது, கசடிலிருந்த பாஸ்பரஸில் பாதிக்கும் மேல் பிரித்தெடுக்க முடிந்தது. பிரித்த விவியனைட்டைக் காரத்தில் இட்டால் பாஸ்பேட் கரைசலாக வந்துவிடும். மிஞ்சும் இரும்பை மறுபடி கழிவுநீருக்கே அனுப்பலாம்.

இதை அப்படியே வயலில் தூவினால் டிஏபி போல வேலை செய்யாது, கரைவது மெதுவாகத்தான். ஆனால் இன்னொரு பயன் இருக்கிறது. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் பயிருக்கு இரும்பு கிடைக்காமல் இலை மஞ்சளாகும். நிலக்கடலையிலும் கரும்பிலும் அப்படி வெளுத்தால் நம் விவசாயிகள் அன்னபேதியைக் கரைத்துத் தெளிப்பார்கள். ஸ்பெயினில் அதே குறைக்கு ஆலிவ் மரங்களின் வேரில் விவியனைட்டை இட்டு ஆராய்ந்தார்கள். மெதுவாகக் கரையும் குணம் அங்கே பலவீனமாக இல்லாமல் பலமாகிவிடுகிறது; நீண்ட நாள் இரும்பு கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

செவ்வாயில் சிறுத்தைப் புள்ளிகள்

2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த பள்ளம் அது. 2024 ஜூலையில், அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு மீட்டர் நீளமுள்ள செந்நிறப் பாறை ஒன்றின் முன் ரோவர் நின்றது. ‘சேயாவா ஃபால்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். சேறு இறுகி உருவான பாறை. அதன் மேல் சில மில்லிமீட்டர் அகலத்தில் வளையங்கள். ஓரம் கறுப்பு, நடுவே வெளிறல். சிறுத்தையின் தோலில் இருக்குமே, அதே மாதிரி. கூடவே கசகசா தூவியது போலச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள்.

ரோவரின் கருவிகள் அந்தப் புள்ளிகளை அலசின. புள்ளிகளில் இரும்பும் பாஸ்பரஸும் சேர்ந்திருந்தன. விவியனைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள் ஆய்வாளர்கள். வளையங்களின் நடுவில் கிரேகைட் என்ற இரும்பு சல்ஃபைடு. சுற்றியுள்ள பாறையில் கரிமப் பொருளின் தடயமும் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் ஹுரோவிட்ஸ் தலைமையிலான குழு, 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் இதை வெளியிட்டது. உயிர் இருந்ததற்கான ‘சாத்தியமுள்ள தடயம்’ என்று அதற்குப் பெயர் கொடுத்தார்கள். தடயம் என்று மட்டும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் இந்தத் தயக்கம்? பூமியில் துருவிலிருந்து ஃபெரஸ் இரும்பை விடுவிப்பது பெரும்பாலும் பாக்டீரியாக்கள். செவ்வாயின் சிவப்பே துருவின் சிவப்புதான். அங்கே சேற்றுக்குள், கரிமப் பொருளுக்குப் பக்கத்தில், துரு ஃபெரஸாக மாறியிருக்கிறது என்றால் அதைச் செய்தது யார்? உயிரில்லாமல் வெறும் வேதிவினையாலும் இது நடக்கலாம். அதிக வெப்பமோ கடும் அமிலமோ இருந்தால் எளிது. ஆனால் அந்தப் பாறையில் அப்படிச் சூடேறியதற்கோ அமிலம் பாய்ந்ததற்கோ அடையாளம் தென்படவில்லை. குறைந்த வெப்பத்தில் கரிமப் பொருள் தானாகவே இரும்போடு வினைபுரிந்திருக்கலாம் என்ற வழியும் இன்னும் மூடப்படவில்லை.

சமூக வலைதளங்களில் ‘செவ்வாயில் உயிர் கண்டுபிடிப்பு’ என்று பகிரப்பட்ட செய்திகள் இந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்துவிட்டவை.

சந்தேகம் தீர ஒரே வழி, அந்தப் பாறையைப் பூமியின் ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பது. இரும்பு, கரிமம், கந்தகத்தின் ஐசோடோப்புகளை அளந்தால், அதில் நுண்ணுயிரின் கைவரிசை இருக்கிறதா என்று இன்னும் உறுதியாகப் பேச முடியும். ரோவருக்குள் அந்த அளவுக்கு ஆய்வகம் கிடையாது. 2024 ஜூலை 21 அன்றே சேயாவா ஃபால்ஸில் துளையிட்டுப் பென்சில் பருமனில் ஒரு துண்டை ரோவர் எடுத்துவிட்டது. ‘சஃபையர் கேன்யன்’ என்பது அதன் பெயர். ஆனால் மாதிரிகளைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டத்தின் செலவு 11 பில்லியன் டாலர் வரை போகும் என்று 2024-ல் நாசாவே சொன்னது. அதைக் குறைக்க வழி தேடும் பேச்சு தொடங்கிய பிறகு, 2025-ல் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு அந்தத் திட்டத்தையே கைவிடச் சொன்னது.

அந்தத் துண்டு இப்போது செவ்வாயில்தான் இருக்கிறது. காற்றுப் புகாமல் மூடிய உலோகக் குழாய்க்குள், வெளிச்சம் படாமல்.